சாண எரிவாயு கலனுக்குள் ஆளை இறக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் திருப்பாச்சூர். அப்பா இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் கட்டிய 2 கன மீட்டர் தீனபந்து சாண எரிவாயு கலன் இருக்கிறது. மாடுகளை விற்றுவிட்டதால் இரண்டு வருடமாகச் சாணம் கரைத்து ஊற்றவில்லை. சமையல் சிலிண்டரில்தான் நடக்கிறது. இப்போது கறவை மாடு நான்கு, கன்றுகள் இரண்டு என்று மறுபடியும் தொழுவம் நிறைந்துவிட்டது. கலனைத் திரும்ப ஓட்ட ஆசை. உள்ளே கசடு கெட்டியாக நிற்கிறது. ஓர் ஆளை இறக்கி வாரிப் போட்டால் ஒரு நாள் வேலைதான் என்கிறார் கொத்தனார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் மகனுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்று வைத்துக்கொள்ளலாமா? கேஸை எப்படி மூடி, எப்படிச் சுத்தம் செய்து, எப்படித் திரும்பப் பற்றவைப்பது?

பதில்: வேண்டாம். மகனையும் இறக்க வேண்டாம், கொத்தனாரையும் இறக்க வேண்டாம், கூலிக்கு வருபவரையும் இறக்க வேண்டாம். கடிதம் வந்த அன்றே இந்த ஒரு வரி தொலைபேசியில் திருப்பாச்சூருக்குச் சொல்லப்பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலையும் நிறுத்தப்பட்டது. பழைய கலனை வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கும் குடும்பங்கள் இன்னும் பல இருக்கும் என்பதால், காரணமும் மாற்று வழியும் இங்கே விரிவாகத் தரப்படுகின்றன.

2024 ஏப்ரல் 9 அன்று மகாராஷ்டிராவில், அகமதுநகர் மாவட்டம் நெவாசா தாலுகாவைச் சேர்ந்த வாகடி கிராமத்தில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். அங்கே பாழடைந்த கிணறு ஒன்றைச் சாணக் கழிவு போடும் எரிவாயுக் குழியாகப் பயன்படுத்தி வந்தார்கள். அதில் ஒரு பூனை விழுந்துவிட்டது. அதைத் தூக்க ஒருவர் இறங்கினார். அவர் மேலே வரவில்லை என்று இன்னொருவர் இறங்கினார். அவரைத் தேடி அடுத்தவர். இப்படி ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் இறந்துபோனார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கிய ஒருவரை மட்டும்தான் உயிரோடு மேலே இழுக்க முடிந்தது. இறங்கிய எல்லோரும் மாடு, சாணம், கிணறு என்று வாழ்ந்த கிராமத்து மனிதர்கள்தான். தினமும் சாணத்தோடு புழங்குகிறவர்களுக்குச் சாணக் குழியைப் பார்த்தால் பயம் வராது. அந்தப் பழக்கமே ஆளை இறங்க வைக்கிறது.

குழிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சாணம் காற்றில்லாமல் புளித்தால் வருகிற வாயுவில் ஏறக்குறைய 55 முதல் 65 சதவீதம் மீத்தேன். அதுதான் எரியும். மீதியில் பெரும்பங்கு கரியமில வாயு. மிகக் குறைந்த அளவில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். மீத்தேன் காற்றைவிட இலேசானது, திறந்துவிட்டால் மேலே போய்விடும். கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் காற்றைவிடக் கனமானவை. மூடியை எத்தனை நாள் திறந்து வைத்தாலும் இவை பள்ளத்தில் தங்கி நிற்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு 21 சதவீதம். அது மிகவும் குறைந்துபோன இடத்தில் ஒருவர் இறங்கினால், இரண்டு மூன்று மூச்சிலேயே மயக்கம் வந்துவிடும். "மூச்சு முட்டுகிறது, தூக்குங்கள்" என்று சத்தம் போடக்கூட நேரம் இருக்காது. பூட்டிய அறையில் மூச்சுத் திணறுவது போல இது இருக்காது. நின்றபடியே சுருண்டு விழுந்துவிடுவார். விழுகிற இடமும் சேறு.

ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம். கூமுட்டை நாற்றம் அடிப்பது இதனால்தான். நாற்றம் வந்தால் தெரியும்தானே என்று நினைக்கக் கூடாது. கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாற்றம் தெரியும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். "முதலில் நாறியது, இப்போது நாற்றமில்லை" என்று யாராவது சொன்னால் அது பாதுகாப்பின் அறிகுறி இல்லை, ஆளை உடனே அங்கிருந்து நகர்த்த வேண்டிய நேரம்.

கசடு இன்னொரு ஏமாற்று. மேலே காய்ந்து ஏடு கட்டியிருப்பதைப் பார்த்தால் வாயுவெல்லாம் எப்போதோ போய்விட்டது போலத் தெரியும். அந்த ஏட்டுக்குக் கீழேயும், அடியில் படிந்த மண்டியிலும் வாயு குமிழ் குமிழாகச் சிக்கியிருக்கும். மண்வெட்டி பட்டதும் மொத்தமாக வெளியே வரும். இறங்கிய முதல் பத்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அதனால் நம்பக்கூடியது இல்லை.

நம் பக்கத்தில் கிணறு தூர்வாரும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள். கிணற்றுக்கு அது ஓரளவு சரி. சாண எரிவாயு கலனில் அதைச் செய்யவே கூடாது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். பாதி காலியான கலனில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கலவைதான். கூடையில் கோழியை இறக்கிப் பார்க்கிறவர்களும் உண்டு. கோழி பிழைத்தது என்றால் அந்த நிமிடத்தில், கசடைக் கிளறாத நிலையில் பிழைத்தது என்று மட்டுமே பொருள். மூக்கில் துண்டு கட்டிக்கொள்வதும், கடையில் விற்கும் துணி மாஸ்க்கும் தூசிக்குத்தான். பிராணவாயு இல்லாத இடத்தில் எந்தத் துணியும் அதை உண்டாக்கித் தராது.

ஆள் இறங்காமல் சுத்தம் செய்வது

தீனபந்து கலன் 1984-இல் அஃப்ப்ரோ என்ற தொண்டு நிறுவனம் வடிவமைத்தது. ஏழைகளின் நண்பன் என்று பெயருக்குப் பொருள். முழுவதும் மண்ணுக்குள் இருக்கும் செங்கல் குவிமாடம். இரும்பு டிரம் மிதக்கும் பழைய காதி கிராமத் தொழில் ஆணைய மாதிரியில் டிரம்மைத் தூக்கி வைத்துவிட்டால் குழி வானம் பார்க்கும். தீனபந்துவில் அப்படி இல்லை. குவிமாடம் திறக்காது, வெளியேற்றும் தொட்டியின் வழியாகத்தான் உள்ளே போக முடியும். காற்று புகுவதற்கும் அதே சின்ன வழிதான். ஆகவே ஆள் இறங்குவதில் இந்த மாதிரிக்கு ஆபத்து அதிகம். வெளியே இருந்தே வேலையை முடிக்க வேண்டியதும் இதில்தான் முக்கியம்.

முதலில் சமையலறைப் பக்கத்து வால்வை மூடிவிட்டு, குவிமாடத்தின் உச்சியில் உள்ள முதன்மை வால்வுக்கு அடுத்த இணைப்பைக் கழற்றி, அங்கே ஒரு குழாயைச் செங்குத்தாக வைத்து வாயுவை மேலே போகவிடுங்கள். கழற்றுவது பகலில், காற்று வீசும் நேரத்தில் நடக்கட்டும். சுற்றிலும் 15 மீட்டருக்குள் அடுப்பு, பீடி, தீப்பெட்டி, வெல்டிங், அருகில் நிற்கும் மோட்டார் சுவிட்ச் எதுவும் கூடாது. வருகிறது, போகிறது என்று பார்க்கக் குழாய் முனையில் தீக்குச்சி காட்டுவதைச் சிலர் பெருமையாகச் செய்வார்கள். தீ குழாய் வழியே திரும்பிக் குவிமாடத்துக்குள் போனால் அங்கே இருக்கும் அத்தனையும் ஒரே நேரத்தில் எரியும். கலனில் இருந்து வரும் குழாயில் நேராக ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது.

அடுத்து, கலவைத் தொட்டி, வெளியேற்றும் தொட்டி இரண்டின் மேல் பலகைக் கற்களையும் எடுத்துவிட்டு, சுற்றி மூங்கில் தட்டியோ முள்ளோ போட்டு மறித்துவிடுங்கள். குழந்தைகளும் கன்றும் நாயும் போகும் பாதையாக இருக்கும். மேலே காய்ந்த ஏடு தரை போலவே தெரியும், கால் வைத்தால் உள்ளே போகும். இப்படியே ஒரு வாரம் விடலாம்.

பிறகு கசடை எடுக்க வேண்டும். கழிவுநீர் லாரியின் உறிஞ்சு குழாய் இதற்கு நன்றாக உதவும். லாரியைத் தூரத்தில், காற்று வரும் பக்கமாக நிறுத்திக் குழாயை மட்டும் கொண்டுவர வேண்டும். ஓடும் இன்ஜின் கலன் ஓரத்தில் நிற்கக் கூடாது. கசடு கெட்டியாக இருந்தால் உறிஞ்சாது. தண்ணீர் விட்டு, நீளமான சவுக்குக் கம்பால் வெளியே நின்றபடி கிளறி, மறுபடி உறிஞ்ச வேண்டும். இரண்டு வருடம் நின்ற மண்டி ஒரே தடவையில் வராது. இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டு ஊறவைத்தால் வந்துவிடும். கிளறும்போது வாயு கிளம்பும் என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். தொட்டிக்கு மேல் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம். முதுகில் காற்றுப் படும்படி நின்று கிளறுங்கள், தலை சுற்றினாலோ கண் எரிந்தாலோ உடனே விலகிவிடுங்கள். லாரிக்கு ஆகும் வாடகை கூலியைவிடக் கூடுதல்தான். அக்கம்பக்கத்தில் இதே நிலையில் கலன் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் பகிர்ந்துகொள்ளலாம்.

ஒரு சிறு குறிப்பு. அந்த லாரி முந்தைய நாள் கக்கூஸ் தொட்டி எடுத்த லாரியாகத்தான் இருக்கும். உங்கள் சாணக் கசடு நல்ல எரு. அதை நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் லாரித் தொட்டியை முதலில் கழுவி வரச் சொல்லுங்கள். கழுவவில்லை என்றால் கீரை, வெள்ளரி, முள்ளங்கி நிலத்தில் விடவே வேண்டாம். தென்னந்தோப்பில் தனியாகக் குழி எடுத்து விட்டு, மண் போட்டு மூடுங்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் எங்கும் விடக் கூடாது.

எந்த மாதம் என்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசஸ்தலையில் தண்ணீர் போகும்போது திருப்பாச்சூர் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஏறிவிடும். மண்ணுக்குள் இருக்கும் கலனைத் தண்ணீர் மட்டம் ஏறிய நேரத்தில் காலி செய்தால், அடியில் இருந்து தண்ணீர் தள்ளி அடித்தளத்தில் விரிசல் விடும். பங்குனி, சித்திரையில் செய்வதே நல்லது. பொங்கலுக்குப் பிறகு வந்த கேள்வி என்பதால் இன்னும் நேரம் இருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

கசடு போன பிறகு உள்ளே விரிசல் பூச வேண்டும் என்றால்தான் ஆள் போக வேண்டிய அவசியம் வரும். அது பயிற்சி பெற்ற, கருவிகள் உள்ளவர்களின் வேலை. காற்றுத் தள்ளும் ஊதி வேலை முழுவதும் ஓட வேண்டும், வாயு அளக்கும் கருவி உள்ளே இறக்கிப் பார்க்கப்பட வேண்டும், இறங்குகிறவர் உடல் முழுவதும் பட்டை அணிந்து கயிறு மேலே கட்டப்பட்டிருக்க வேண்டும், அந்தக் கயிற்றை இழுக்க மேலே குறைந்தது இரண்டு பேர் வேறு வேலை இல்லாமல் நிற்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

அப்படியும் யாராவது உள்ளே விழுந்துவிட்டால்? பெற்ற பிள்ளையாக இருந்தாலும் பின்னால் இறங்கக் கூடாது. சொல்வதற்கே கஷ்டமான விஷயம். ஆனால் வாகடியில் இறந்த ஐவரில் முதல்வரைத் தவிர மற்ற நால்வரும் காப்பாற்றப் போனவர்கள். தீயணைப்புக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108. அழைக்கும்போதே "சாண எரிவாயு குழியில் ஆள் விழுந்திருக்கிறார், மூச்சுக் கருவியோடு வாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் வரும்வரை மேலே இருந்து கயிறு போடலாம், நெல் தூற்றும் விசிறி இருந்தால் தள்ளி வைத்து உள்ளே காற்று அடிக்கலாம். அதன் மோட்டார் பொறி விடும் என்பதால் குழியின் ஓரத்தில் வைக்கக் கூடாது.

திரும்ப ஓட்டுவது

2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் ஏறக்குறைய 50 கிலோ சாணம் வேண்டும். நான்கு கறவை மாடுகளும் கன்றுகளும் இருந்தால் கிடைத்துவிடும். சாணமும் தண்ணீரும் சம அளவு. நம் வெப்பநிலைக்குச் சாணம் உள்ளே 40 நாள் தங்கும் என்று கணக்கு. அதாவது முதல்முறை நிரப்ப சுமார் 4,000 லிட்டர் கரைசல், அதில் 2 டன் சாணம். சொந்த மாடுகளின் சாணத்தை மட்டும் நம்பினால் 40 நாள் ஆகும். அண்டை வீடுகளில் கேட்டுச் சேர்ப்பது வழக்கம். நன்றாக ஓடும் வேறொரு கலனில் இருந்து வெளிவரும் கரைசலைச் சில குடம் சேர்த்தால், தயிருக்கு உறை ஊற்றுவது போல, வாயு சீக்கிரம் வரும்.

நிரப்பும்போது முதன்மை வால்வு திறந்திருக்கட்டும், உள்ளே உள்ள காற்று போக வேண்டும். நிரப்பிய பிறகு மூடிவிட்டு, வாயு சேரும்வரை புதிதாகச் சாணம் ஊற்றாமல் காத்திருங்கள். முதலில் சேரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அதை ஒரு முறை, முடிந்தால் இரண்டு முறை, பற்றவைக்காமல் திறந்த வெளியில் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு முதல் வாயுவிலேயே காபி போட நினைப்பவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கு அடுத்து வருவதைச் சமையலறை அடுப்பில் மட்டும் பற்றவைத்துப் பாருங்கள். எரியவில்லை என்றால் கரியமில வாயு அதிகம் என்று பொருள். இன்னும் சில நாள் விடுங்கள்.

தொழுவம் கழுவிய பினாயில் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கலனுக்குள் போகக் கூடாது. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். வைக்கோல் துண்டும் மணலும் சேர்ந்ததால்தான் முன்பு கசடு கெட்டிப்பட்டது. கலவைத் தொட்டியில் கரைத்ததும் சற்று நேரம் விட்டு, மணல் அடியில் படிந்த பிறகு அடைப்பைத் திறந்தால் பாதி பிரச்சினை குறையும்.

இத்தனை பாடு எதற்கு என்றால், 1 கன மீட்டர் சாண எரிவாயு சுமார் 0.43 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். 2 கன மீட்டர் முழுதாகக் கிடைத்தால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றின் வேலையைப் பதினாறு, பதினேழு நாளில் செய்துவிடும். மார்கழிக் குளிரில் வாயு குறையும் என்பதால் சிலிண்டரையும் வைத்திருப்பது நல்லது. கரைசல் எருவாகவும் திரும்ப வரும்.

பற்றவைப்பதும் மூடுவதும்

சிலிண்டருக்குப் பழகிய கை சாண எரிவாயு அடுப்பில் தடுமாறும். இரண்டுக்கும் அடுப்பு வேறு. சாண எரிவாயு குறைந்த அழுத்தத்தில் வருவதால் அதன் அடுப்பில் வாயு வரும் துவாரம் பெரிது. சிலிண்டர் அடுப்பில் சாண எரிவாயு சரியாக எரியாது. அதைவிட மோசம், சாண எரிவாயு அடுப்பில் சிலிண்டரை மாட்டினால் தீ கட்டுக்கடங்காமல் எழும். ஒரே அடுப்புக்கு இரண்டு குழாயையும் மாற்றி மாற்றி மாட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

காலையில் சமையலறைக்குள் போனதும் விளக்கு சுவிட்சைப் போடுவதற்கு முன் மோந்து பாருங்கள். நாற்றம் இருந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய்க் கலனின் முதன்மை வால்வை மூடுங்கள். எல்லாம் சரி என்றால் தீக்குச்சியை முதலில் கொளுத்தி, பிறகுதான் திருகியைத் திறக்க வேண்டும். சாண எரிவாயுவின் தீ வெளிர்நீலம். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எரியவில்லை என்று நினைத்து முகத்தைக் குனிந்து பார்ப்பவர்கள் உண்டு. கையைத் தள்ளி வைத்துச் சூட்டை உணர்ந்து பாருங்கள்.

காற்றடித்துத் தீ அணைந்துவிட்டால் திருகியை மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பற்றவையுங்கள். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க கேஸ் உலை வைத்திருக்கிறார்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் அறிவிப்பிலும் இதேதான் இருக்கும்: மூடு, ஐந்து நிமிடம் காத்திரு, தரைப் பக்கமும் மோந்து பார், நாற்றம் இருந்தால் பற்றவைக்காதே.

இரவு மூடும்போது பெரும்பாலான வீடுகளில் அடுப்புத் திருகியை மட்டும் மூடுகிறார்கள். அப்போது கலனில் இருந்து அடுப்பு வரை குழாய் முழுக்க வாயு அழுத்தத்தோடு நிற்கும். எலி கடித்த இடத்தில் இரவெல்லாம் கசியும். சரியான வழி, அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கலன் பக்கத்து வால்வை மூடுவது. குழாயில் உள்ளது எரிந்து தீ தானாக அணையும். அதன் பிறகு திருகியை மூடுங்கள். ஊருக்குப் போகும்போதும் இப்படித்தான். சாணம் ஊற்றுவதை நிறுத்தினாலும் வாயு சில வாரங்களுக்கு வந்துகொண்டே இருக்கும் என்பதால் பூட்டிய வீட்டில் திறந்த வால்வை விட்டுப் போகக் கூடாது.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. தீ துள்ளித் துள்ளி எரிந்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது. வாயுவோடு வரும் நீராவி குளிர்ந்து தாழ்வான இடத்தில் சேரும். அங்கே வைத்திருக்கும் வடிகுழாயை வாரம் ஒருமுறை திறந்துவிட வேண்டும், மழைக்காலத்தில் அடிக்கடி. திறந்ததை மறக்காமல் மூடவும் வேண்டும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரிபிடித்தால் பர்னரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்து, காற்றுத் துவாரத்தைச் சற்றுத் திறந்து வையுங்கள். வால்வும் இணைப்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடால் அரிக்கப்படும், ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்து மாற்றுங்கள். கசிவு பார்க்கச் சோப்பு நுரை போதும். நுரை ஊதினால் கசிவு. தீக்குச்சி வேண்டாம்.

கேள்வி: கவரைப்பேட்டை. கம்பெனி வேலைக்குப் போகும் என் பையன் நண்பர்களோடு ஒரே அறையில் தங்கி, 5 கிலோ சிலிண்டரில் சமைக்கிறான். அறைக்கு ஒரு சின்ன ஜன்னல்தான். சாண எரிவாயு மேலே போய்விடும் என்கிறார்களே, சிலிண்டர் கேஸும் அப்படித்தானா?

பதில்: இல்லை, நேர் எதிர். சிலிண்டரில் உள்ள புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையோடு படர்ந்து கட்டிலுக்கு அடியிலும் பாய்க்கு அடியிலும் தங்கும். தரையில் படுக்கும் பிள்ளைகளுக்கு அது இன்னும் ஆபத்து. ஜன்னலைத் திறந்தால் போதாது, கதவைத் திறந்து தரைப் பக்கத்துக் காற்றை வெளியே தள்ள வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து, தரை மட்டத்தில் நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். பழைய பச்சை, நீல ரப்பர் டியூபுக்குப் பதில் உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப் வாங்கச் சொல்லுங்கள். அதிலும் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். சிலிண்டரின் மேல்வளையக் கம்பியில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் வரை. அந்தத் தேதி கடந்திருந்தால் வாங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பெரிய சிலிண்டரில் இருந்து சின்னதில் தெருவோரமாக மாற்றி நிரப்பித் தருபவர்களிடம் மட்டும் போக வேண்டாம். அதில் எவ்வளவு நிரப்பினார்கள் என்று அளவே கிடையாது, வெயிலில் வாயு விரிய இடமில்லாமல் போய்விடும். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் தூக்கக் கலக்கத்தில் சமைத்துவிட்டுப் படுப்பார். ஆகவே படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவது யார் பொறுப்பு என்று அறையில் ஒருவரை முடிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906. அறைக்கு வெளியே வந்து நின்ற பிறகுதான் அழைக்க வேண்டும்.